பார்ஜெட் விடுதியின் கதவு

14 நவம்பர் 2014
லண்டன்

பெருமதிப்பிற்குரிய திரு. குலவீரசிங்கம் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். முதியோரை வீட்டில் பராமரிக்கும் தங்கள் நிறுவனத்திலிருந்து என்னை இடைநிறுத்திய ஒக்டோபர் 31ஆம் தேதிக் கடிதத்தில், ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தருமாறு பணித்திருந்தீர்கள். இன்று பதினான்காம் நாள். தாமதத்துக்கு மன்னிப்புக் கோருகிறேன். விளக்கத்தை ஐந்து முறை எழுதினேன். ஐந்தும் நன்றாக இருந்தன; உண்மையாக இருக்கவில்லை. ஆகவே அவற்றைக் கிழித்துவிட்டு, என் சொந்த நாட்குறிப்பிலிருந்து உரிய பக்கங்களைப் படியெடுத்து அனுப்புகிறேன். ஒரு சொல்லும் மாற்றப்படவில்லை. ஆங்கிலத்தில் பேசப்பட்டதை நம் ஊர்ப் பேச்சில் எழுதுவது என் வழக்கம். மரியாதை நான் சேர்த்தது.

என் மீதான குற்றச்சாட்டுகள் மூன்று. மிஸ்டர் லோமக்ஸின் ஞாபகமறதியை நிறுவனப் படிவத்தில் மறைத்தது. மருத்துவப் பரிசோதனைக்கு அவரைத் தயார்படுத்தியது. கடமை நேரத்தில் ஆங்கிலத் திரைப்படமொன்றில் தோன்றியது. மூன்றும் உண்மை. படப்பிடிப்பின்போது நான் உணர்ச்சிவசப்பட்டதாக அவருடைய மருமகன் எழுதியுள்ளதை மட்டும் மறுக்கிறேன். அது தும்மல்.

செப்டெம்பர் 3, புதன்

காலை ஓட்ஸ் கஞ்சி. மிஸ்டர் லோமக்ஸ் இரண்டு காலுறைகளையும் ஒரே காலில் அணிந்துகொண்டு மற்றக் காலுக்குரியதைத் தேடினார். கண்டுபிடித்துக் கொடுத்தேன். "மேட்ரன், நீங்கள் பொலிசில இருக்கவேண்டிய ஆள்" என்றார். என்னை அவர் மேட்ரன், அதாவது தலைமைத் தாதி, என்றே அழைப்பார். எனக்குத் தும்மல் வந்ததால் சமையலறைக்குச் சென்றேன்.

பதினொரு மணிக்கு ஜாஸ்பர் என்ற திரைப்பட இயக்குநர் வந்தார். மிஸ்டர் லோமக்ஸ் ஒரு காலத்தில் நாடறிந்த நகைச்சுவை நடிகர் என்பதை அறிவேன். சுவரில் படங்கள் உள்ளன. "பார்ஜெட் விடுதி" என்ற பெயரில் 1958 முதல் 1975 வரை பதினொரு படங்கள் வந்தனவாம். இடிந்துவிழும் நிலையில் ஒரு விடுதி. அங்கே வாடகை கொடுக்காத ஐந்து பேர். யார் வந்து கதவைத் தட்டினாலும் திருப்பி அனுப்புகிற ஒரு வேலைக்காரர், பெயர் கிரிம்ஸ். கிரிம்ஸ்தான் நம் மிஸ்டர் லோமக்ஸ். முப்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் பன்னிரண்டாவது படம் எடுக்கப்போகிறார்கள். பழையவர்களில் உயிரோடு இருப்பவர் இவர் ஒருவரே.

பதினொரு படங்களிலும் மாறாமல் வந்த காட்சி இதுவாம். கிரிம்ஸ் கதவைத் திறந்து, "இந்த வீட்டில் ஒருவரும் இல்லை" என்பார். வந்தவர், "அப்படியென்றால் பேசுவது யார்?" என்று கேட்பார். கிரிம்ஸ் சற்று யோசித்து, "அதைத்தான் நானும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்துவார். ஆங்கிலேயர் இதற்குப் பதினேழு ஆண்டுகள் சிரித்திருக்கிறார்கள்.

"ஒரே ஒரு காட்சி, மிஸ்டர் லோமக்ஸ்" என்றார் இயக்குநர். "திறக்கிறீங்கள், சொல்லுறீங்கள், சாத்துறீங்கள். நீங்கள் இல்லாட்டி எனக்குப் படம் இல்லை."

"மற்ற ஆக்கள் என்ன சொன்னவை?"

இயக்குநர் என்னைப் பார்த்தார்.

"அனைவருக்கும் சம்மதம்" என்றேன்.

மார்ச் மாதம் மற்றவர்கள் எங்கே என்று அவர் கேட்டபோது உண்மையைச் சொன்னேன். ஐந்து மரணங்களையும் அன்றுதான் முதன்முறையாகக் கேட்பவர்போல் கேட்டார். மறுநாளும் கேட்டார், மறுநாளும் ஐந்து மரணங்கள். மூன்றாம் நாளிலிருந்து அந்த ஐவரும் வெளியூர்ப் படப்பிடிப்பில் இருக்கிறார்கள்.

நிறுவனப் படிவத்தில் "மாற்றம் இல்லை" என்ற கட்டத்தில் குறியிட்டேன். நேற்று மறந்த அளவே இன்றும் மறந்தார்.

செப்டெம்பர் 5, வெள்ளி

கிரிம்ஸாக நடித்தபோது அணிந்த பழைய கறுப்புக் கோட்டை அலமாரியிலிருந்து எடுத்துக் கதிரையில் மாட்டி வைத்திருக்கிறார். தூரிகையால் தினமும் துடைக்கிறார். காலையில் எழுந்ததும் கேட்பது, "படம் எப்ப?" என்ற ஒன்றே. இந்த ஆண்டில் அவர் மறக்காமல் வைத்திருக்கும் ஒரே புதிய செய்தி இது.

வசனத்தைச் சொல்லும்படி கேட்டேன். கதவைத் திறந்தார். "இந்த வீட்டில..." என்றார். வீட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தேநீர் கேட்டார்.

நிலைமையை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். அவருடைய சட்டபூர்வப் பொறுப்பாளர் மருமகன் மிஸ்டர் டென்னிஸ், சகோதரியின் மகன், பிரிஸ்டலில் இருப்பவர். நல்ல மனிதர். ஞாயிறு தவறாமல் தொலைபேசியில் பேசுகிறார். மாமாவின் ஞாபகம் தவறினால் அன்றே முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டு இந்த வீட்டைப் பூட்டுவதாக வசந்த காலத்திலேயே அறிவித்துவிட்டார். வசனம் வராவிட்டால் படம் இல்லை. படம் ஏன் இல்லை என்று மிஸ்டர் டென்னிஸ் கேட்பார். கேட்டால் இந்தக் கதவும் இல்லை.

செப்டெம்பர் 8, திங்கள்

எட்டாம் வகுப்புடன் பள்ளி என்னை விட்டது. நான் பள்ளியை விடவில்லை. எங்கள் ஊர் அளவெட்டியில் பழைய ஆங்கில அகராதி ஒன்றை அட்டை இல்லாமல் வாங்கி, தினம் பத்துச் சொல் பாடமாக்கினேன். முறை எளியது. விடியற்காலை முகம் கழுவி, கிழக்கே நோக்கி நின்று, இரு கைகளையும் மார்பில் கட்டி, பார்வையை எதிர்ச் சுவரில் நிறுத்தி, ஒன்றைப் பதினாறு முறை உரத்துச் சொல்ல வேண்டும். பொருள் புரியவேண்டியதில்லை, பின்னால் தானாக வரும். தேவாரம் அப்படித்தான் வந்தது, ஆங்கிலமும் அப்படித்தான் வந்தது.

இன்று காலை ஆறு மணிக்கு மிஸ்டர் லோமக்ஸை முகம் கழுவச் செய்து, கை கட்டி நிறுத்தினேன். அவருக்கு எதிரே நானும் கை கட்டி நின்றேன்.

"நான் என்ன குற்றம் செய்தனான், மேட்ரன்?"

"இதுவரை ஒன்றும் இல்லை, ஐயா. சொல்லுங்கள்."

நான் வசனத்தைச் சொல்லிக்கொடுக்க, நான்கு முறை சொன்னார். ஐந்தாவது முறையில் என்னைப் போலவே இழுத்து, கடைசிச் சொல்லை ஏற்றிச் சொன்னார். எனக்குத் தும்மல் வந்தது.

செப்டெம்பர் 11, வியாழன்

பதினாறு முறை. பிழை இல்லை. மீன் வாங்க மறந்துவிட்டேன்.

செப்டெம்பர் 19, வெள்ளி

காலையில் ஒப்புவித்தல், மாலை ஆறு மணிக்கு ஒத்திகை. ஒத்திகையை உண்மையான வாசல் கதவிலேயே நடத்துகிறோம். நான் வெளியே கை கட்டி நிற்கிறேன். அவர் கோட்டுடன் கதவைத் திறந்து, சொல்லி, சாத்துகிறார். நான் பக்கச் சந்தால் சுற்றிப் பின்கதவால் உள்ளே வருகிறேன்.

இன்று சமையலறையில் என்னைக் கண்டதும், "வாசலுக்கு ஆரோ வந்தவை, மேட்ரன். அனுப்பிப்போட்டன்" என்றார்.

"யார், ஐயா?"

"தெரியேல்லை. நல்ல மனுசி மாதிரி இருந்தா."

அடுத்த வீட்டு மிஸஸ் பீட்டர்ஸ் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு அந்தக் கிழவர் உங்களை வெளியில விட்டுக் கதவைச் சாத்துறார். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறன். பொலிசுக்குச் சொல்லட்டோ?" என்று கேட்டார். இது கலை என்று தெரிவித்தேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

கடிதம் ஒன்று வந்தது. படத்துக்கான காப்புறுதி நிறுவனத்தின் வைத்தியர் வரும் புதன்கிழமை மிஸ்டர் லோமக்ஸின் உடலையும் ஞாபகத்தையும் பரிசோதிப்பார். மார்ச் மாதம் ஆசுபத்திரியில் இத்தகைய பரிசோதனைக்கு அவருடன் சென்றிருக்கிறேன்; அன்று மயிரிழையில் தேறினார். கேள்விகள் ஐந்து. ஐந்தும் எனக்கு நினைவிருக்கின்றன. எனக்கு எல்லாம் நினைவிருக்கும். அதுவே என் குறைபாடு.

நாளை முதல் ஐந்து பதில்கள். கிழமை: புதன். மாதம்: செப்டெம்பர். நாடு: இங்கிலாந்து. நூற்றில் ஏழு போனால்: தொண்ணூற்று மூன்று. வயது: எண்பத்தாறு. கேள்விகள் தேவையில்லை. கேள்விகளைச் சேர்த்தால் அவர் குழம்புகிறார்.

செப்டெம்பர் 21, ஞாயிறு

மிஸ்டர் டென்னிஸின் அழைப்பு காலை பத்துக்கு. அதற்குமுன் ஏழு மணிக்கு "டென்னிஸ், மனைவி ரூத், பிள்ளைகள் ஆலிஸ், ஹியூ" பதினாறு முறை. அழைப்பு நல்லபடியாக நடந்தது. மாட்டிறைச்சி வேகவில்லை.

செப்டெம்பர் 24, புதன்

வைத்தியரின் அறைக்குச் சென்றோம். வைத்தியர் ஐம்பது வயதைக் கடந்தவர், உயரமானவர். மிஸ்டர் லோமக்ஸைக் கண்டதும் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "சின்னனில என்ர அப்பாவோட உங்கட படம் எல்லாம் பார்த்தனான், ஐயா" என்றார். என்னை மூலையிலிருந்த கதிரையில் அமரச் சொன்னார். மிஸ்டர் லோமக்ஸ் எழுந்து நின்று, மார்பில் கை கட்டி, எதிர்ச் சுவரைப் பார்த்தார்.

வைத்தியர் முதலில் கேட்டது வயதை. மார்ச் மாதம் அது ஐந்தாவது கேள்வி. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

"உங்களுக்கு என்ன வயது?"

"புதன்கிழமை" என்றார் மிஸ்டர் லோமக்ஸ்.

வைத்தியரின் பேனா நின்றது.

"நாங்கள் இப்ப எந்த நாட்டில இருக்கிறம்?"

"செப்டெம்பர்."

"நூறில ஏழு போனால்?"

"இங்கிலாந்து."

வைத்தியர் கண்ணாடியைக் கழற்றினார். தோள்கள் குலுங்கின. "இண்டைக்கு என்ன கிழமை?" என்று கேட்கும்போதே அவருக்குக் குரல் எழவில்லை.

"தொண்ணூற்று மூன்று."

"மாதம்? மாதம் என்ன, ஐயா?"

"எண்பத்தாறு" என்று முடித்து, மிஸ்டர் லோமக்ஸ் கையை அவிழ்த்து அமர்ந்தார்.

வைத்தியர் மேசையில் தலை வைத்துச் சிரித்தார். பக்கத்து அறையிலிருந்து ஒரு பெண் வந்து எட்டிப்பார்த்தார். "அப்பா இருந்திருந்தால்..." என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்திட்டார். அவர் அதை நகைச்சுவை என்று கருதினார். நான் மறுக்கவில்லை. என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் மிஸ்டர் லோமக்ஸ் என் கையைப் பற்றி, மெல்லக் கேட்டார். "சரியாச் சொன்னனானோ, மேட்ரன்?"

"ஐந்தும் சரி, ஐயா" என்றேன். ஐந்தும் சரிதான்.

ஒக்டோபர் 6, திங்கள்

வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் பழுது. திருத்துநர் நாளை வருவார். மிஸ்டர் லோமக்ஸுக்கு இரண்டு கம்பளிச் சட்டைகள்.

பழைய பார்ஜெட் விடுதிப் படங்களில் நான்கைப் பார்த்திருக்கிறேன், பணி நிமித்தம். இன்று மூன்றாவது படத்தை இருவரும் பார்த்தோம். கதவுக்கு வெளியே நிற்கும் நடிகர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடிப்பதை மிஸ்டர் லோமக்ஸ் எனக்குச் சுட்டிக்காட்டினார்.

"பாருங்கோ, பழுதாக்குறார். பதினொரு படத்திலயும் இதுதான். சிரிக்க வைக்கிறவன் எங்கயும் கிடைப்பான், மேட்ரன். எதிர நிண்டு சிரிக்காமல் இருக்கிற ஆள்தான் கிடைக்கிறேல்லை." பின் என் முகத்தை நெடுநேரம் பார்த்து, "நீங்கள் அந்தக் காலத்தில எங்க இருந்தனீங்கள்?" என்று கேட்டார்.

"அளவெட்டியில், ஐயா."

"அதுதானே. தூரத்தில இருந்திட்டீங்கள்."

இந்த நாட்டுக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகளாகின்றன. முகத்தில் சிரிப்பு இல்லை என்று இரண்டு இடங்களில் வேலை மறுக்கப்பட்டிருக்கிறது. அது ஒரு தகுதி என்று சொன்னவர் இவர் ஒருவரே. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. பதிவுக்காக எழுதுகிறேன்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

படப்பிடிப்பு.

பெரிய கொட்டகை. அதற்குள் பார்ஜெட் விடுதியின் முகப்பு மட்டும்: படிகள், கதவு, இரு சன்னல்கள். கதவுக்குப் பின்னால் வீடு இல்லை. மரச் சட்டங்களும் கம்பிகளும். ஏறத்தாழ எண்பது பேர் நின்றார்கள். மிஸ்டர் டென்னிஸ் பிரிஸ்டலிலிருந்து வந்து, முன்வரிசையில் மடக்குக் கதிரையில் அமர்ந்திருந்தார்.

கதவைத் தட்டவேண்டியவர் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற இளம் நடிகை. தட்டினார். மிஸ்டர் லோமக்ஸ் திறந்தார், பார்த்தார், சாத்தினார். மூன்று முறையும் அப்படியே. இயக்குநர் அருகில் வந்து குனிந்து, "என்ன, மிஸ்டர் லோமக்ஸ்?" என்றார்.

"இவ இல்லை. கை கட்டுற ஆள்."

இயக்குநர் சுற்றிலும் பார்த்தார். நான் என் கதிரையில் கை கட்டித்தான் அமர்ந்திருந்தேன். அதை அவர் கண்டார்.

"மிஸ் தம்பையா, நீங்கள் ஒருக்கா நிண்டு பார்க்கிறீங்களே? உங்கட முதுகுதான் தெரியும்."

நிறுவன விதி பதினான்கின்படி இது தகாது என்று தெரிவித்தேன். தெரிவித்தபின் நடிகையின் நீலக் கோட்டை அணிந்துகொண்டேன். எனக்கு அது இறுக்கமாக இருந்தது.

முதல் முறை குறையின்றி நடந்தது. அதே இழுப்பு, அதே ஏற்றம். கொட்டகை அதிர்ந்தது. ஐம்பது ஆண்டுகளில் கிரிம்ஸ் இப்படிச் சொன்னதே இல்லை என்று ஒருவர் மற்றவருக்குச் சொன்னார். மிஸ்டர் லோமக்ஸ் கதவிடுக்கால் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

அதோடு முடித்திருக்கலாம். அருகிலிருந்து இன்னொரு முறை எடுக்க வேண்டுமென்று இயக்குநர் விரும்பினார். விளக்குகளை நகர்த்த நாற்பது நிமிடம் ஆனது. மிஸ்டர் லோமக்ஸைக் கதவுக்குப் பின்னால், கம்பிகளுக்கிடையில் அமர்த்தியிருந்தார்கள். என்னை உள்ளே விடவில்லை.

தட்டினேன். கதவு திறந்தது. அவருக்கு என்னைத் தெரியவில்லை. நடிப்புக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை மார்ச் முதல் தினமும் பார்த்து வருகிறேன். எனக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. என்னைப் பார்த்தார். திரும்பி வீட்டுக்குள் பார்த்தார். அங்கே வீடு இல்லை.

ஒப்புவிக்கும் பிள்ளை தடுமாறினால் முதற்சொல்லை எடுத்துக்கொடுப்பது முறை. உதட்டால், "இந்த" என்றேன்.

"இந்த... வீட்டில ஒருத்தரும் இல்லை" என்றார். பார்த்ததைச் சொன்னார்.

"அப்படியென்றால் பேசுவது யார்?"

என்னிடம் பதில் இருக்குமோ என்று என் முகத்தில் தேடினார். "அதைத்தான்" என்றார். "அதைத்தான் நானும் விசாரிச்சுக்கொண்டிருக்கிறன்."

எண்பது பேரும் சிரித்தார்கள். ஒலிப்பதிவாளர் வாயைப் பொத்திக்கொண்டார். கதவைச் சாத்த அவருக்குத் தோன்றவில்லை. நான் வெளியிலிருந்து கைப்பிடியை இழுத்து மெதுவாகச் சாத்தினேன். அப்போது தும்மல் வந்தது. தொடர்ந்து வந்தது. தூசி நிறைந்த கொட்டகை அது.

சிரிக்காதவர் இன்னொருவரும் இருந்தார். தேநீர் மேசையருகே மிஸ்டர் டென்னிஸ் என்னிடம் வந்தார்.

"அவருக்கு உங்களைத் தெரியேல்லை. என்ன?"

"இல்லை, ஐயா."

"எவ்வளவு காலமா?"

"மார்ச் முதல்."

"ஒவ்வொரு ஞாயிறும் என்னோட கதைக்கிறவர். என்ர பிள்ளையளை எல்லாம் பேர் சொல்லி விசாரிக்கிறவர்."

பொய் சொல்லியிருக்கலாம். இயலவில்லை. "ஞாயிறு காலைகளில் அந்தப் பெயர்களைப் பதினாறு முறை பாடமாக்குவோம்" என்றேன்.

கோப்பையை மேசையில் வைத்தார். தேநீர் சிந்தியது. துடைத்துவிட்டேன்.

ஒக்டோபர் 31, வெள்ளி

இடைநிறுத்தக் கடிதம் கிடைத்தது. நல்ல தாள். கோட்டைத் தூரிகையால் துடைத்துக் கதிரையில் மாட்டினேன். வீட்டுத் திறப்பையும் மாற்றுச் சாவியையும் ஒப்படைத்தேன். மிஸ்டர் லோமக்ஸ், "நாளைக்கு எத்தினை மணிக்கு?" என்று கேட்டார். வழக்கம்போல் என்றேன்.

நவம்பர் 4, செவ்வாய்

எனக்குப் பதிலாக அனுப்பப்பட்டுள்ள திருமதி கமலவேணி தொலைபேசியில் அழைத்தார்.

"அக்கா, இதென்ன கூத்து? ஆறு மணி எண்டால் மனுசன் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசல் கதவைத் திறந்து வச்சுக்கொண்டு நிக்குது. 'இந்த வீட்டில ஒருத்தரும் இல்லை' எண்டுது. பிறகு றோட்டைப் பார்த்துக்கொண்டே நிக்குது. நான் உள்ளுக்க குத்துக்கல்லு மாதிரி நிக்கிறன், ஒருத்தரும் இல்லையாம்!"

"தாங்கள் வெளியே சென்று, கை கட்டி நின்று, 'அப்படியென்றால் பேசுவது யார்?' என்று வினவ வேண்டும்."

"உங்களோட கதைச்சால் ரேடியோவில நியூஸ் கேட்டமாதிரி இருக்கு, அக்கா. சரி, செய்து பார்க்கிறன்."

நவம்பர் 5, புதன்

திருமதி கமலவேணி மீண்டும் அழைத்தார். "கேட்டனான். அவர் என்ர முகத்தைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு அடக்கேலாமல் போட்டுது. கோவிச்சுக்கொண்டு கதவைச் சாத்தாமல் நிண்டிட்டார். சிரிக்காமல் என்னெண்டு அக்கா நிண்டனீங்கள்?"

பயிற்சி என்றேன்.

நவம்பர் 12, புதன்

இன்றும் அழைத்தார். சிரிக்கவில்லை. "அக்கா, ஒரு மணித்தியாலமாத் திறந்துகிடக்கு. சாத்தப் போனால் கையைத் தட்டிவிடுறார். வீடு ஐஸ் மாதிரி. இருமத் தொடங்கிட்டார். 'வாறவ ஒருத்தி இருக்கிறா, வந்தபிறகுதான் சாத்தலாம்' எண்டு சொல்லுறார். ஆர் எண்டு கேட்டன். தெரியாதாம்."

எனக்குத் தும்மல்.

நாட்குறிப்பு இத்துடன் நிறைவுறுகிறது, ஐயா.

மிஸ்டர் லோமக்ஸை முதியோர் இல்லத்துக்கு மாற்றுவது பற்றி டிசம்பர் முதலாம் தேதி முடிவாகும் என அறிகிறேன். அது மிஸ்டர் டென்னிஸின் உரிமை. அவரை ஏமாற்றியமைக்குத் தனிக் கடிதத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். என் வேலையைத் திருப்பித் தருமாறு இக்கடிதத்தில் நான் கேட்கவில்லை. வீட்டுக்குள் நுழையவும் அனுமதி கேட்கவில்லை. டிசம்பர் முதலாம் தேதிவரை தினமும் மாலை ஆறு மணிக்கு, அந்த வீட்டு வாசலுக்கு வெளியே, நடைபாதையை அடுத்த முதற்படியில், ஒரு கேள்வி கேட்கும் நேரத்துக்கு மட்டும் நிற்க அனுமதி தேவை. அவர் பதில் சொல்வார், கதவைச் சாத்துவார், நான் போய்விடுவேன்.

இன்றிலிருந்து குளிர் கூடும் என்று வானிலை அறிக்கை கூறுகிறது. ஒரு வரி எழுதினால் போதும். விரைவில் பதில் தாருங்கள்.

இங்ஙனம்,
பணிவுடன்,
செல்வி இராசமலர் தம்பையா